புழுதி படியாத பெட்டி

ஐப்பசி பிறந்து இருபது நாள்களாயின. நமுனுகுல மலையின் முடிகள் முகிலுக்குள் மறைந்தன. மறைந்தவை மீண்டும் தோன்றாமலே நாள்கள் கழிந்தன. காலையில் இறங்கிய மூடுபனி நண்பகலிலும் கலையாது, நோயாளியின் போர்வைபோல் தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தது. மழை சினந்து பெய்யவில்லை. பெய்வதைக் கடமையாக ஏற்றதுபோல், களைப்போடும் ஓய்வின்றியும் பெய்தது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகள் ஒரே ஒலியை ஓதிக்கொண்டிருந்தன. கொடியில் இட்ட துணி உலரவில்லை. உப்பு நீராயிற்று. கதவுகள் ஊதிப் பெருத்து நிலைகளோடு மல்லாடின. இப்பருவத்தில் மலைநாட்டார்க்கு வேறு போர் இல்லை. ஈரத்திடமிருந்து இருப்பதைக் காப்பதே போர். அந்தக் காவலே அவர்களை மெல்லத் தளர்த்திவிடும்.

அத்தகைய வெள்ளிக்கிழமையொன்றின் பிற்பகலில், பதுளையிலிருந்து வந்த ஓட்டோ ஒன்று தோட்டத்துச் சரிவில் முனகிக்கொண்டு ஏறிற்று. பின்னிருக்கையில் இருவர். ஒருவர் மரியகொரட்டி. காப்புறுதி நிறுவனமொன்றில் முப்பத்தோராண்டு தீ விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரைப் பெறாததால் தனியார் துப்பறிவாளரானவர். மற்றவர் கிருபாகரன். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். எவ்வகைத் திருகாணியையும் கழற்றும் அவர் கைக்குத் தம் நாவை இறுக்கும் திறன் மட்டும் வாய்க்கவில்லை.

"மிஸ், செத்தது கம்ப்யூட்டர். கொலையா, தற்கொலையா?" என்றார் கிருபாகரன்.

"இயற்கை மரணமாவும் இருக்கலாம்."

"இயற்கை மரணத்துக்கு யாரு மிஸ் நம்மள கூப்பிடுறாங்க? பாதர தானே கூப்பிடுவாங்க."

மரியகொரட்டி நகைக்கவில்லை. அவருடைய முழங்கால்கள் காலை முதலே வலித்துக்கொண்டிருந்தன. அவரை அழைத்தவன் கட்டாரில் வேலை செய்யும் நிஷாந்த். நேற்று தொலைபேசியில் அவன் குரல் உடைந்திருந்தது. "வீட்டு கம்ப்யூட்டர என் பொண்டாட்டி வேணும்னே எரிச்சிட்டான்னு எங்கப்பா சொல்றாருங்க. அவளும் தன்னாலதான்னு ஒத்துக்கிட்டா. நாளைக்கு மூணரை பஸ்ஸுல மாமனாரு வந்து அவள பெரகலையில இருக்கிற அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு. போனா திரும்பி வரமாட்டா. அவ எரிக்கிற ஆளு இல்லீங்க. எப்படியாச்சும் உண்மையக் கண்டுபிடிங்க."

மணி ஒன்றே முக்கால். லயத்தின் முன்னே ஓட்டோ நின்றது.

கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில், அந்த ஓரறை வீட்டின் முன்திண்ணையில், நிஷாந்தின் தந்தை அழகர் அமர்ந்திருந்தார். அறுபத்தாறு வயது, தோட்டத்தார் ஸ்டோரு என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பதாண்டு உழைத்த உடல். வலக்கண்ணில் புரை பால்போல் படர்ந்திருந்தது.

"வாங்கம்மா! வாங்க தம்பி!" மழையோடு போட்டியிடுவதுபோல் உரக்கச் சொன்னார். "பாக்க என்ன இருக்கு? எரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அதுலதான் மகன் மொகத்தப் பாப்பேன். போனுல பாத்தா எனக்கு மொகமும் தெரியாது, மொளகாயும் தெரியாது. அந்தப் பெரிய கண்ணாடியில மட்டுந்தான் தெரியும். அது புடிக்கல அந்தப் புள்ளைக்கு."

"சண்டை ஏதும் நடந்துச்சா?" என்று அவரருகே சென்று கேட்டார் மரியகொரட்டி.

"திங்கக்கெழம நடந்துச்சு. ராவும் பகலும் பொட்டியப் போட்டுக்கிட்டே இருக்காதேன்னு சொன்னேன். மறுநாளே எரிஞ்சிருச்சு. என்ன அர்த்தம்?"

உள்ளே, கட்டிய பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தயானி நின்றாள். இருபத்தாறு வயது இருக்கும். காலையிலும் மாலையிலும் அந்தக் கணினி வழியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவள். இடைப்பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவள். அழுது முடித்த கண்கள். மறுக்கும் தெம்பையும் அழுகையோடு செலவிட்டுவிட்டவள்போல் நின்றாள்.

"நாந்தாங்க காரணம்," என்றாள், கேட்பதற்கு முன்பே. "ரெண்டு வருஷமா தொடைக்கவே இல்ல. உள்ளுக்குப் புழுதி அடைச்சு, சூடாகி, நின்னு போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

மரியகொரட்டி அவள் முகத்தை நெடுநேரம் நோக்கினார். குற்றம் செய்தவர் சுற்றி வளைத்தே பேசுவதை அவர் பணிக்காலத்தில் ஆயிரமுறை கண்டிருக்கிறார். இவ்வளவு நேராக வரும் குற்ற ஏற்பு அவருக்குப் புதிதல்லவாயினும் அரிது.

"கிருபா, ஆரம்பிங்க."

கிருபாகரன் முதலில் சுவரிலிருந்த மின்செருகுவாயில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தினார். எரிந்தது. பின், தம் பையிலிருந்த வேறொரு மின்வடத்தைக் கணினிப் பெட்டிக்கு மாற்றிப் பொத்தானை அழுத்தினார். ஒளியில்லை, ஒலியில்லை, விசிறி அசையவுமில்லை.

"கரண்ட் வருது. வயர் நல்லா இருக்கு. உள்ளுக்கு மூச்சு இல்ல," என்றவர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றார்.

"என்ன கிருபா?"

"மிஸ், நான் கடையில சாமி படத்தத் தெனமும் தொடைக்கிறேன். அதுல இருக்கிற புழுதி கூட இதுக்குள்ள இல்ல. விறகடுப்பு எரியிற காம்பரா. ரெண்டு வருஷம். இந்நேரம் விசிறிக்கு மீசை மொளைச்சிருக்கணும். இது ஷேவ் எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கு."

மரியகொரட்டி தயானியைத் திரும்பிப் பார்த்தார். அவள் விழிகள் தரையை நாடின. அவளுடைய வாக்குமூலத்தின் முதல் தூண் அங்கேயே சாய்ந்தது.

"மேல பாருங்க."

கிருபாகரன் முன்புறத்து வலைத்துளைகளை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டு போனார். கரிய பொடி. "தேயிலைத் தூள். அதுவும் நல்ல தூள். மிஸ், இந்தப் பொட்டி ஸ்டோருல வேலைக்குப் போய்ட்டு வந்திருக்கு. பேர் போட்டாங்களான்னு, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல விசாரிக்கணும்."

"வேற?"

"நாலு மூலையிலயும் பெயின்ட் தேஞ்சிருக்கு. திருகாணித் தலையில வெள்ளி மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு. பின்பக்கம் பவர் சப்ளையில கருகின வாசம். அதோட சல்லடையிலயும் தாள் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு." ஒலியின்றிச் சிரித்தார். "வெந்த மாதிரியும் இருக்கு, வெளிய இருந்து யாரோ கட்டிப் புடிச்ச மாதிரியும் இருக்கு."

மரியகொரட்டி ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அகப்பட்டவற்றை அதன்மேல் வைக்கச் சொன்னார். பிறகு, இஸ்தோப்பில் முதுகு காட்டி அமர்ந்திருந்த அழகரை நோக்கிக் கண்ணசைத்தார். கிருபாகரன் புரிந்துகொண்டார். கையிலிருந்த பக்கத்தகட்டை அவர் முதுகுக்குப் பின்னே சீமெந்துத் தரையில் போட்டார். தகரமும் தரையும் மோதிய பேரொலியில் தயானி திடுக்கிட்டாள். அடுத்த காம்பராவில் குழந்தையொன்று வீரிட்டது. அழகர் திரும்பவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா காது கேக்கல?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மரியகொரட்டி.

"பக்கத்துல உரக்கப் பேசினா கேக்கும்ங்க," என்றாள் தயானி. "மெஷின் சத்தத்துலயே முப்பது வருஷம் நின்னவரு."

"ஸ்டோருல அவருக்கு என்ன வேலை?"

தயானியின் கை, தன்னையறியாமல், காலடியிலிருந்த பையைச் சற்றே பின்னுக்கு இழுத்தது.

மரியகொரட்டியின் பார்வை அந்தப் பையில் விழுந்து நிலைத்தது. கொடியில் இன்னும் ஈரமாய் இவளுடைய நான்கு சேலைகள் தொங்குகின்றன. சுவரோரத்து அலமாரியில் புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. சீப்பும் கண்ணாடியும் ஆணியிலேயே மாட்டியிருக்கின்றன. உடைமையெல்லாம் வீட்டிலிருக்க, பை மட்டும் பிதுங்குவானேன்?

"கிருபா, நீங்க பொட்டிய எழுப்புற வழியப் பாருங்க. தயானி, எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுப்பியா? அடுப்படிக்கே வர்றேன். பையையும் எடுத்துக்க. அது உன்ன விட்டுட்டு இருக்காது போல."

அடுப்படியின் புகை இருவர் கண்ணையும் கரித்தது. மரியகொரட்டி ஒரு பலகையில் மெல்ல அமர்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"பிள்ளை, நான் களைச்சுப் போனவ. பொய் கேட்டுக் கேட்டுக் களைச்சவ. நீ சொன்ன பொய்யில உனக்கு ஒரு ஆதாயமும் இல்ல. அதுதான் எனக்குப் புதுசு. பையத் தொற."

தயானி பையைத் திறந்தாள். இரண்டு சட்டைகளுக்கு அடியில், நான்காய் மடித்த பெரிய தாள்சாக்கு. வெளியே தடித்த பழுப்புத் தாள். உள்ளே வெள்ளிநிற ஈயத்தாள். ஏற்றுமதித் தேயிலையை ஈரம் அண்டாமல் அடைக்கும் சாக்கு. மரியகொரட்டி அதை விரித்தார். உட்புறத்தில், ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடைக் கோலம் ஒன்று கருகிப் பதிந்திருந்தது. கணினியின் பின்புறத்து வெப்பம் வெளியேறும் வலை, தன் கைரேகையைத் தானே பதித்துவைத்திருந்தது.

"மாமாவுக்கு ஸ்டோருல பேக்கிங் வேலைங்க," என்றாள் தயானி. "தூள் ஈரம் இழுக்கறதுக்குள்ள சாக்குல போட்டு இறுக்கிக் கட்டணும். அதுதான் முப்பது வருஷமா செஞ்சாரு. வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டரயும் அப்படித்தான் பாத்தாரு. நான் மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்குப் போனதும், தொடைச்சு, மேல இருந்து சட்டை போடுற மாதிரி சாக்கப் போட்டு, அடியில கயித்தால கட்டி வைப்பாரு. நான் வர்ற நேரத்துக்கு அவுத்து வச்சிருவாரு. பனி ஏறிடக்கூடாதுன்னு. எனக்குத் தெரியும். அவ்வளவு பாசமா செய்யிறாரேன்னு ஒண்ணும் சொல்லல. நான் எப்பவும் நிப்பாட்டிட்டுத்தான் போவேன். அதனால ஒண்ணும் ஆகல."

"செவ்வாக்கிழமை நிப்பாட்டல."

"பாட வீடியோ ஒண்ண ஏத்த வேண்டியிருந்துச்சு. இந்த மலையில நாலு மணிநேரம் எடுக்கும். ஓட விட்டுட்டு, ஸ்கிரீன மட்டும் அணைச்சிட்டுப் போனேன். சொல்லிட்டுப் போயிருக்கணும். முந்தின நாள் சண்டை. அந்தக் கோவத்துல பேசாமப் போய்ட்டேன்."

இருண்ட திரையை அழகர் கண்டார். பெட்டி உறங்குகிறதென்று கொண்டார். விசிறியின் ஒலியை மழை மூடிற்று. மழையின் ஒலியைச் செவிட்டுத்தன்மை மூடிற்று. ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அவர் அன்போடு கட்டி வைத்தார். இவை அனைத்தும் மரியகொரட்டியின் உள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் நிரல்பட்டன.

"நான் வந்தப்போ மாமா விறகுக்குப் போயிருந்தாரு. சாக்கத் தொட்டேன், கை சுட்டுருச்சு. அவுத்து ஒளிச்சு வச்சிட்டேன். அவர் வந்து பாத்துட்டு, நான் சாக்க அவுத்துப் போட்டு, பொட்டிய வேணும்னே எரிச்சிட்டேன்னு நெனச்சாரு."

"ஏன் சொல்லல?"

"வேலையை விட்டு நிக்கிற வருஷம், சூடு ஆறாத தூளக் கட்டிட்டாருன்னு ஏத்துமதிக்குக் கட்டுன ஒரு லொட்டுத் தூள் முழுக்கப் பூசணம் புடிச்சிருச்சாம். எல்லார் முன்னாலயும் திட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் இந்தக் காம்பராவ விட்டு வெளிய வரல, சாப்பாடும் எறங்கல. இதையும் தான்தான் கட்டிக் கெடுத்தேன்னு தெரிஞ்சா மறுபடியும் படுத்துருவாருங்க. நான் பெரகலையில இருந்தா அவருக்குக் கோவம் இருக்கும். கோவம் இருந்தா நடமாடுவாரு."

மரியகொரட்டி தேநீரை அருந்தவில்லை. முப்பத்தோராண்டில் தம்மைக் காக்கப் பொய் உரைத்தவரையே அவர் கண்டிருந்தார். பிறரைக் காக்க உரைத்த பொய் ஒன்றை உடைப்பதற்காகவா இத்தனை மேடு ஏறினோம் என்ற சோர்வு அவரை மூடிற்று. உண்மையைச் சொன்னால் முதியவர் சாய்வார். சொல்லாவிடில் இவள் போவாள்.

"மிஸ்!" உள்ளிருந்து கிருபாகரனின் குரல். "பொணம் கண்ணத் தொறக்குது!"

இருவரும் சென்று பார்த்தனர். கருகிய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, தம் கடையில் இறந்துபோன வேறொரு கணினியிலிருந்து எடுத்து வந்ததைப் பொருத்தியிருந்தார் கிருபாகரன். சூட்டில் காய்ந்து வெடித்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவியிருந்தார். ரேம் பலகையின் பற்களை அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகியிருந்தார். பொத்தானை அழுத்தினார். விசிறி ஒருமுறை தயங்கி, பிறகு சுழன்றது. திரையில் ஒளி மலர்ந்தது.

"ஒரு பெரிய நெருப்புல ஒரு சின்ன உறுப்பு மட்டும் உயிரக் குடுத்து மத்தத காப்பாத்தியிருக்கு," என்றார் கிருபாகரன். "எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தரும் இல்ல."

அழகர் எழுந்து உள்ளே வந்தார். ஒளிரும் திரையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

மரியகொரட்டி அவர் செவியருகே குனிந்தார். உண்மையைத் தவிர வேறெதையும் அறிக்கையில் எழுதாதவர், அன்று முதன்முறையாகப் பொய் சொன்னார். "ஐயா, யார் மேலயும் தப்பு இல்ல. உள்ளுக்கு ஒரு பாகம் பழசாகி எரிஞ்சு போச்சு. வயசு. அவ்வளவுதான். உங்க மருமகளும் எரிக்கல, வேற யாரும் எரிக்கல."

"ஆமாங்க பெரியவரே," என்று ஒத்து ஊதினார் கிருபாகரன். "எனக்கும் முதுகுல அதே நோய்தான்."

அழகர் தலையசைத்தார். நம்பியவர்போலவே தோன்றினார். ஆனால் அவருடைய நல்ல கண், தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் தங்கிற்று. குனிந்தார். ஆள்காட்டி விரலை நாவில் நனைத்து, துணியிலிருந்த கரிய பொடியில் ஒற்றி, வாயிலிட்டு மென்றார். பின் வெள்ளித் துணுக்கொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கழற்றி வைத்திருந்த பவர் சப்ளையின் சல்லடையில் ஈயத்தாளோடு கிழிந்து ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நகத்தால் சுரண்டினார். முப்பதாண்டு எந்தத் தாளை மடித்தாரோ, அந்தத் தாள். துப்பறிவாளர் ஒரு மணி நேரம் தேடியதை அந்த விரல்கள் மூன்று நொடியில் வாசித்தன.

"சாக்கு எங்க தாயி?"

தயானியின் பார்வை அடுப்படிப் பக்கம் போயிற்று.

"செவ்வாக்கெழம, நான் கட்டுறப்போ... பொட்டி ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

அவள் தலை குனிந்தது. அதுவே விடை.

கிருபாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அன்றைக்கு அதுவே முதல் முறையாக, சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அழகர் சாயவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். குரல் மட்டும் முன்னைப்போல் உரக்க எழவில்லை.

"அன்னைக்குச் சூடு பாக்காமக் கட்டுனேன், என் பேரு போச்சு. அது என்னோட பேரு, போனா போகட்டும். இன்னைக்குக் கட்டுனதுல ஒன் பேரு போகப் பாத்துச்சே. லயம் பூரா கேக்குற மாதிரி நாந்தானே கத்துனேன். நீ ஏன் தாயி வாங்கிக்கிட்டு நின்ன?"

"நீங்க படுத்துருவீங்கன்னு பயந்தேன் மாமா," என்றாள், அவர் செவியருகே சென்று.

"படுக்க மாட்டேன்," என்றார் முதியவர். "இத்தன பேரு தாங்கிப் புடிச்சா எப்படிப் படுக்கறது?" பிறகு இஸ்தோப்புக்குச் சென்று, கதவோரங்களில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லயத்தார் அனைவருக்கும் கேட்கும்படி, முன்பு பழி சொன்ன அதே உரத்த குரலில் கூறினார்: "பொட்டியக் கெடுத்தது நான்! எம் மருமக இல்ல! சம்பந்தி கணபதி வந்தா முதல்ல எங்கிட்ட அனுப்புங்க. அவர் கையப் புடிச்சுச் சொல்லிக்கிறேன்!"

மரியகொரட்டி நிஷாந்துக்கு ஒரு வரியில் செய்தி அனுப்பினார்: உங்கள் மனைவி எரிக்கவில்லை, உங்கள் தந்தையே கண்டுபிடித்தார்.

சரிவின் கீழே, பெரகலையிலிருந்து வந்த கணபதியை இறக்கிவிட்ட பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. தயானி பையைப் பிரித்து, இரண்டு சட்டைகளையும் எடுத்துக் கொடியில் போட்டாள்.

அழகர் வாசலில் வழிந்த மழைநீரில் கைகால் முகம் கழுவினார். சுவரில் மாட்டியிருந்த கதிர்காமக் கந்தன் படத்தின் முன்னே சென்று, ஈரத்தில் நமுத்த கற்பூரத்தைப் பொறுமையாய்ப் பலமுறை பற்றவைத்தார். சுடர் எழுந்ததும் எதையும் வேண்டாமல், கண்மூடிக் கைகுவித்து நின்றார். கிருபாகரன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். மரியகொரட்டி சேலைத் தலைப்பைத் தலையில் இட்டுக்கொண்டார்.

பின் அழகர் திருநீற்றை எடுத்து மருமகளின் நெற்றியில் இட்டார்.

"நெறஞ்ச ஆயுசோட இரு தாயி. ஒன் வாக்கும் ஒன் வாசலும் வெளங்கட்டும்."